காட்டாத திருமுகம்
‘பென்ஹர்’ கதையும் அதனைக் கண்டார் உள்ளமும்

வழிபாட்டுக்குரியார் வரலாற்றைக் காதாற் கேட்டல் ஒன்று. கண்ணாற் காண்டல் மற்றொன்று. கேட்பான் ஒருவன் தன் அன்பின் அளவுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ற வடிவினைத் தன் உள்ளத்தே தானே அமைத்துக் கொள்ளுகின்றான். காண்பானுக்கோ பிறரொருவர் அமைத்த வடிவே கண்முன் வந்து நின்று, உள்ளம் தனக்கென ஒன்றை அமைத்தற்கு இடங்கொடாது தடுக்கின்றது. ஆதலின், உலகம் கைகூப்பித் தொழும் ஒருவரை வேடம் புனைந்த நடிகன் ஒருவனாற் காட்டுதல் தகுமோ, காட்டினாற் காண்பார் உள்ளத்து விளைவது பத்தியோ வெறும் வேடிக்கையோ என்னும் வினா, நாடகமும் திரைப்படமும் பரவிய நாடுகளிலெல்லாம் எழுவதாயிற்று.

இவ்வினாவிற்கு ஒரே கதை, நூலாகவும் நாடகமாகவும் ஊமைப்படமாகவும் பேசும்படமாகவும் உருமாறி, 1880 முதல் 2016 வரையுள்ள 136 ஆண்டுகளில் விடை கூறி வந்துள்ளது. அமெரிக்க நாட்டிற் பிறந்த ‘பென்ஹர்’ என்பதே அக்கதை. நட்பும் பகையும், கடற்போரும் தேர்ப்போட்டியும் நிறைந்த அதனை மக்கள் பெருந்திரளாய்க் கூடிக் கண்டனர். ஆயினும், அக்கதையை ஆக்கியோன் அதற்கிட்ட துணைப்பெயர் ‘கிறிஸ்துவின் கதை’ என்பதாம். பந்தயம் காண வந்த கூட்டம் கிறிஸ்துவைக் கண்டதோ, கண்டதாயின் எவ்வாறு கண்டது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

நூல் பிறந்த வரலாறு

இந்நூலை இயற்றிய லூ வாலஸ் என்பார் 1827-ஆம் ஆண்டு இந்தியானா மாகாணத்திற் பிறந்தவர், வழக்கறிஞர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுலத்துச் சேனையின் தளபதியருள் ஒருவராய் நின்று, 1862-ல் ஷைலோ என்னுமிடத்து நிகழ்ந்த பெரும்போரிற் கலந்தவர். சமயத்துறையில் அவர் பெரும்பற்றுடையராயிருந்திலர். எத்திருச்சபையினும் உறுப்பினராய்ச் சேர்ந்திலர். விண்மீன் வழிகாட்டக் கீழ்த்திசை ஞானியர் மூவர் குழந்தை இயேசுவைக் காணச் சென்றனர் என்னும் விவிலியச் செய்தியில் மட்டும் இளமைதொட்டே அவர்க்கு ஒரு வேட்கை இருந்தது. அதனைப் பத்திரிகைக்குரிய ஒரு சிறு கதையாக எழுதியும் வைத்திருந்தார்.

1876-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், பழைய போர்வீரர் கூட்டமொன்றன் பொருட்டு இந்தியானாபொலிஸ் நகருக்கு அவர் புகைவண்டியிற் சென்றபோது, அதே வண்டியிற் கர்னல் இங்கர்சாலும் இருந்தார். கடவுளுண்மையை ஐயுற்று ஊர்தோறும் மேடையேறிப் பேசியவரும், பிற்காலத்துச் சுயமரியாதை இயக்கத்தாரின் மொழிபெயர்ப்புக்களால் தமிழ்நாட்டிலும் பலரால் அறியப்பட்டவருமாகிய இங்கர்சாலே அவர். கடவுள் உண்டோ, மறுமை உண்டோ, இயேசு தெய்வத்தன்மை உடையரோ என்றிவை பற்றி இங்கர்சால் வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். எதிரமர்ந்திருந்த வாலசுக்கோ மறுத்துரைக்க ஒரு சொல்லும் எழவில்லை, உடன்பட்டுரைக்கவும் எழவில்லை. வண்டி நின்றபின், ஊர்தியில் ஏறாது இருளில் தனியே நடந்து சென்ற அவர் உள்ளத்தை நாணம் பற்றிற்று. தாம் ஆத்திகருமல்லர், நாத்திகருமல்லர், ஒன்றும் அறியாதவர் என்பதே அந்நாணத்திற்குக் காரணமாம். அன்றே, இப்பொருளைத் தாமே கற்றுத் தெளிவதென்று அவர் உறுதிகொண்டனர்.

வெறும் ஆராய்ச்சி நூல்களைப் படித்தல் தமக்குச் சோர்வு தருமென்று அஞ்சி, முன்னெழுதிய சிறுகதையை விரித்துக்கொண்டே கற்பதென்று துணிந்தார். பாலஸ்தீன நாட்டை அவர் அதுகாறும் கண்டதில்லை. நிலப்படங்களையும், யூதர் வரலாறுகளையும், யாத்திரிகர் குறிப்புக்களையும் அருகில் வைத்துக்கொண்டு ஆண்டுகள் பல உழைத்தார். நியூமெக்சிக்கோ நாட்டின் ஆளுநராய்ச் சான்றாபே நகரில் இருந்த காலத்து நூல் நிறைவெய்திற்று. நிறைவெய்தியபோது, கடவுளிடத்தும் கிறிஸ்துவின் தெய்வத்தன்மையினும் ஐயமற்ற நம்பிக்கை தமக்கு உண்டாயிருந்ததென அவரே பின்னாளில் எழுதியுள்ளார். கடவுளை மறுப்பார் ஒருவர் தொடுத்த வினாவே ஒரு பத்தி நூலுக்கு வித்தாயினமை வியத்தற்குரியது.

நூல் 1880-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் வெளிவந்தது. முதல் ஏழு திங்களில் மூவாயிரம் படியும் விலைபோகவில்லை. பின்னர்ப் படிப்படியாகப் பெருகி, அந்நூற்றாண்டில் அமெரிக்கர் எழுதிய கதைகளுள் மிகுதியாக விற்ற நூல் என்னும் நிலையை அடைந்தது. அக்காலத்து அந்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையார் பலர் கட்டுக்கதை படித்தலையே குற்றமாகக் கருதினர். அத்தகையார் இல்லங்களிலும், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளிலும் விவிலியத்திற்கு அடுத்த இடத்தில் இக்கதைநூல் வைக்கப்பெற்றது.

கதையும் அதன் நெறியும்

எருசலேம் நகரத்துச் செல்வக் குடியிற் பிறந்த யூத இளைஞன் பென்ஹர். மெசாலா என்னும் உரோமன் அவனுக்கு இளமைத் தோழன், பின்னர்ப் பகைவனாகின்றான். புதிய ஆளுநன் பவனி வருங்கால் பென்ஹர் மாடத்தினின்றும் ஓடொன்று தற்செயலாய்ச் சரிந்து அவன்மேல் வீழ்கின்றது. அதனைக் கொலைமுயற்சியெனக் காட்டி, மெசாலா தன் தோழனைக் கப்பலிற் துடுப்பு வலிக்கும் அடிமையாக அனுப்புகின்றான். தாயும் தங்கையும் சிறையில் அடைபட்டுத் தொழுநோய் எய்துகின்றனர். விலங்கு பூண்டு நடந்து செல்லும் பென்ஹருக்கு, நாசரேத்து ஊர்க் கிணற்றருகே தச்சன் மகனாகிய இளைஞர் ஒருவர் பேசாது நீர் வார்க்கின்றார். கடற்போரில் உரோமத் தலைவன் ஒருவனைக் காத்து உரிமைபெற்ற பென்ஹர், தேர்ப்போட்டியில் மெசாலாவை வென்று பழிதீர்க்கின்றான். பின்னர், உரோமரை வாளால் வெல்லும் அரசர் ஒருவரை எதிர்நோக்கிப் படை திரட்டுகின்றான். அன்று நீர்வார்த்த இளைஞரே அவ்வரசரெனத் துணிந்தவன், அவரது அரசு இவ்வுலகத்து அரசன்று என்பதைச் சிலுவையடியில் நின்றபோதே உணர்கின்றான்.

இக்கதையில் இந்தியர்க்கு வியப்பளிக்கும் செய்தியொன்றும் உண்டு. விண்மீனைத் தொடர்ந்து சென்ற ஞானியர் மூவருள் ஒருவரைக் கிரேக்கராகவும், ஒருவரை எகிப்தியராகவும், மெல்கியோர் என்னும் மற்றொருவரை இந்துவாகவும் வாலஸ் படைத்துள்ளார். மெல்கியோர் பார்ப்பன மரபினர்; வடமொழி வல்லவர். கீழ்நாட்டுச் சமயங்களைப் பற்றி நூல்வழியே மட்டும் அறிந்த ஒருவர் எழுதியதாகலின், மெல்கியோர் வாயிலாக இந்திய நாட்டு வழிபாட்டைக் கூறுமிடங்கள் ஆழமுடையனவல்ல. ஆயினும், கடவுளைத் தேடும் வேட்கை எந்நாட்டார்க்கும் ஒன்றே என்னும் எண்ணம் அதன்கண் உளது.

நூலை எழுதுங்கால் வாலஸ் தமக்கென விதித்துக்கொண்ட நெறியே இக்கட்டுரைக்கு உயிர்நிலையாம். தாம் கற்பித்த எந்நிகழ்ச்சியினும் இயேசுவை ஒரு கதைமாந்தராக நடமாட விடுவதில்லை என்பது ஒன்று. அவர் பேசுவதாக வருவனவெல்லாம் சுவிசேஷங்களில் உள்ள சொற்களாகவே இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. கிணற்றருகே நீர்வார்க்கும் காட்சியொன்றே இந்நெறிக்கு விலக்கென அவர் குறித்துள்ளார். வழிபாட்டுக்குரியாரைப் பற்றிப் புனைந்துரைத்தல் தம் எழுதுகோலின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்னும் அடக்கம் போர்த்தளபதி ஒருவர்பால் அமைந்திருந்தமை பாராட்டற்குரியது. தலைவரைப் பின்னிறுத்தி, அவரைக் கண்டு மாறிய ஒருவனை முன்னிறுத்துவதே அவர் கைக்கொண்ட முறை.

நாடகத்தில் ஒளியுருவம்

நூலை நாடகமாக்க இசைவு வேண்டிப் பலர் வாலசை அணுகினர். அவர் நெடுநாள் இசைந்திலர். தேர்ப்போட்டியை மேடையிற் காட்டலாகாது என்பதொரு தடை; கிறிஸ்துவை நடிகன் ஒருவன் தாங்குதல் கூடாது என்பது அதனினும் பெரிய தடை. கிளா, எர்லாங்கர் என்னும் நாடக முதலாளிகள் இருவர் இரண்டிற்கும் வழி கண்டனர். தேரிற் பூட்டிய குதிரைகள் காலடியிற் சுழலும் பட்டைமேல் ஓட, பின்னே எழுதிய திரை எதிர்த்திசையிற் சுழலுமாறு ஒரு பொறி அமைக்கப்பெற்றது. கிறிஸ்துவுக்கோ நடிகனே இல்லை. 25,000 மெழுகுவத்தி ஆற்றலுடைய ஒளிக்கற்றை யொன்றே அவர் வருகையைக் காட்டிற்று. தொழுநோயுற்ற தாயும் தங்கையும் நலம்பெறும் காட்சியில் அவ்வொளி அவர்மீது படிந்தது.

இந்நாடகம் 1899-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் நியூயார்க்கு நகரில் அரங்கேறி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அமெரிக்க நாட்டிலும் பிற நாடுகளிலும் நடிக்கப்பெற்றது. கண்டார் தொகை இரண்டு கோடிக்கு மேற்படுமென்று கணக்கிடுவர். இத்தொகையினும் கருதத்தக்கது வந்தவர்களின் இயல்பாகும். நாடகக் கொட்டகையின் வாயிலை மிதித்தலும் பாவமென்று எண்ணியிருந்த குடும்பத்தார் இந்நாடகத்திற்கு முதன்முறையாக வந்தனர். போதகர்கள் தம் சபையாரை அனுப்பினர். குதிரைகளின் குளம்பொலியில் ஆரவாரித்த அதே அரங்கு, ஒளிக்கற்றை தோன்றுங்கால் ஒரு கோயில் போலாயிற்று.

ஒளியைத் தெய்வ வடிவாகக் காண்டல் சைவர்க்குப் புதிதன்று. ஆயினும் அந்நாட்டில் இது கொள்கை பற்றி எழுந்ததன்று. ஒரு நூலாசிரியர் தம் அச்சத்தால் வேண்டிக்கொண்ட கட்டுப்பாட்டினால் எழுந்தது. முகத்தைக் காட்டாமை ஒரு குறையாக முடியுமென எண்ணியிருந்தாரும், அதுவே நாடகத்தின் சிறப்பாய் முடிந்ததைக் கண்டனர்.

ஊமைப்படங்கள்

திரைப்படம் தோன்றிய சின்னாளில், 1907-ல், கேலம் என்னும் படக்குழுவினர் ஏறத்தாழக் கால்மணி நேரம் ஓடும் ஒரு ‘பென்ஹர்’ படத்தை யாருடைய இசைவும் பெறாது எடுத்தனர். வாலஸ் 1905-லேயே மறைந்துவிட்டமையால், அவர் மகனாரும் பதிப்பாளரும் நாடக முதலாளிகளும் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கு அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் வரை சென்று, நூலைப் படமாக்குதற்கும் ஆசிரியர் உரிமை வேண்டும் என்னும் தீர்ப்பை 1911-ல் விளைத்தது. இக்குறும்படத்தின் பெருமை சட்டநூலிற் காண்பதேயன்றிப் பத்தியுலகிற் காண்பதன்று.

1925-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் வெளிவந்த பெரும்படமே உலகெங்கும் சென்றது. பிரெட் நிப்லோ இயக்கிய அதில் ரமோன் நொவாரோ பென்ஹராக நடித்தார். ஏறத்தாழ 40 இலட்சம் டாலர் செலவில், அதுகாறும் எடுக்கப்பெற்ற படங்களுள் மிக்க பொருட்செலவு உடையதாக அது அமைந்தது. தேர்ப்போட்டியைப் பிடித்தற்கு 42 படக்கருவிகள் நிறுத்தப்பெற்றன. இத்துணைப் பெருஞ்செலவிலும் வாலசின் நெறியை அவர்கள் விட்டிலர். இயேசுநாதர் முகம் எங்கும் காட்டப்படவில்லை. நீர்வார்க்கும் கை, ஆசி கூறும் கை, ஒளி என்பனவே காட்டப்பெற்றன. சமயத் தொடர்பான காட்சிகள் சிலவற்றிற்கு மட்டும் வண்ணமூட்டி, உலகக் காட்சிகளினின்றும் அவற்றை வேறுபடுத்தினர்.

அக்காலத்து இங்கிலாந்தில் இது வெறும் மரபாக மட்டும் நின்றதன்று. 1913-ல் தொழிற்படத் தொடங்கிய படத் தணிக்கைக் குழுவினர் முதற்கண் வகுத்த விதிகள் இரண்டே: ஆடையற்ற உருவம் கூடாது என்பது ஒன்று, கிறிஸ்துவை உருவமாகக் காட்டல் கூடாது என்பது மற்றொன்று. இழிவென விலக்கியதனையும் உயர்வென விலக்கியதனையும் ஒருங்கே வைத்த இவ்விதிகள், முகத்தைக் காட்டுதலை அவர்கள் எத்துணை அச்சத்தோடு நோக்கினர் என்பதைப் புலப்படுத்தும்.

நாடு வேறாயின் நோக்கும் வேறாதல் இயல்பு. சீன நாட்டில் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இப்படம் மூடநம்பிக்கையைப் பரப்புவதென்று தணிக்கையாளரால் தடுக்கப்பெற்றது. ஒரு நாட்டார் முகத்தை மறைத்த பணிவைக் கண்டு மகிழ்ந்தனர். மற்றொரு நாட்டார் மறைந்து நின்றதனையும் பொறுத்திலர்.

1959-ஆம் ஆண்டுப் படம்

இக்கதையின் புகழை உச்சிக்கேற்றியது வில்லியம் வைலர் இயக்கிச் சார்ல்டன் ஹெஸ்டன் நடித்த பேசும்படமாம். வைலர் யூதர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. உரோம் நகரை அடுத்த சினெசித்தா படநிலையத்தில் 18 ஏக்கர்ப் பரப்பில் பந்தயக்களம் கட்டப்பெற்றது. மொத்தச் செலவு ஒன்றரைக் கோடி டாலர். 1959-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் நியூயார்க்கில் வெளிவந்த இப்படம், நலிவுற்றிருந்த தன் நிறுவனத்தையே நிமிர்த்தியது. பதினொரு ஆஸ்கார்ப் பரிசுகளைப் பெற்றது. இவ்வெண்ணிக்கையை எட்டிய படங்கள் பின்னர் 1997-லும் 2003-லும் வந்தவை இரண்டேயாம். கடந்த படம் ஒன்றுமில்லை.

மூன்றரை மணி நேரத்துக்கு மேலும் ஓடும் இப்படத்தில் தேர்ப்போட்டி நிகழ்வது ஒன்பது நிமிட அளவே. ஆயினும் படத்தைப் பற்றிப் பேசுவார் முதற்கண் பேசுவது அதனையே. இதுபற்றிக் குறைகூறினாரும் உளர். நியூயார்க்கு டைம்ஸ் இதழிற் பாஸ்லி குரவ்தர் படத்தைப் பெரிதும் பாராட்டி எழுத, டுவைட் மக்டொனால்டு போன்ற ஆய்வாளர் அதன் பருமையையும் ஆரவாரத்தையும் கடிந்தெழுதினர். பத்தி என்னும் பெயரால் விற்கப்படுவது பந்தயமே என்னும் ஐயம் அன்று எழுந்தது. இன்றும் முற்றும் நீங்கியதன்று.

இவ்வையத்திற்கு விடை படத்தினுள்ளேயே உளது. நாசரேத்துக் காட்சியை நோக்குக. விலங்குண்ட பென்ஹர் நீர்வேட்கையால் மணலில் வீழ்ந்து கிடக்கின்றான். அவனுக்கு நீர் தருதல் கூடாதென்று உரோமத் தலைவன் ஆணையிட்டிருக்கின்றான். ஒருவர் வந்து குனிந்து அவன் தலையை ஏந்தி நீர் வார்க்கின்றார். காண்பார்க்குத் தோன்றுவன அவர் முதுகும் கையுமே. பென்ஹர் நிமிர்ந்து நோக்குகின்றான். அவன் கண்களில் வியப்பு நிறைகின்றது. உரோமத் தலைவன் கசையோடு வந்து அதட்டுகின்றான். அவர் எழுந்து அவனை நோக்குகின்றார். முகம் அப்போதும் காட்டப்படவில்லை. அதட்டியவன் நாவெழாது, கண்களை எதிர்நிறுத்தவும் மாட்டாது, விலகித் திரும்புகின்றான். அத்திருமுகம் எத்தகையது என்பதை அவ்வுரோமன் முகமே உரைத்துவிடுகின்றது. அவ்விடத்து நடித்த கிளாட் ஹீட்டர் என்னும் இசைவாணர் பெயரும் படத்தின் பெயர்ப்பட்டியலிற் பொறிக்கப்படவில்லை.

படத்தின் இறுதியில் இதற்கு எதிர்நிலையான காட்சி வருகின்றது. சிலுவை சுமந்து வீழ்ந்தவர்க்குப் பென்ஹர் நீர் கொணர்கின்றான். அவர் முகத்தை அணுகி நோக்கியதும், அன்று தனக்கு நீர் வார்த்தவர் அவரே என்று உணர்கின்றான். பந்தயத்தில் வென்றபின்னும் ஆறாத பகை, அவர் குரலைக் கேட்டபின் தன் கையிலிருந்த வாளைப் பறித்துக்கொண்டு நீங்கிற்றென்று அவன் கூறுகின்றான். இங்ஙனம் பந்தயம் கதையின் முடிவன்று. பழிதீர்த்தலின் வெறுமையைக் காட்டற்கு வைத்த ஒரு படியே. அப்படியில் நின்றுவிட்டவர்க்குப் படம் வேடிக்கை. அதனைக் கடந்து சென்றவர்க்கு அது வேறு. 1995-ல், திரைப்படம் தோன்றி நூறாண்டு நிறைந்தமை கருதி வத்திக்கன் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில், சமயம் என்னும் பகுதியின்கீழ் இப்படம் இடம்பெற்றது.

முகம் காட்டிய படங்கள்

2016-ஆம் ஆண்டு இக்கதை மீண்டும் படமாயிற்று. தீமூர் பெக்மம்பெத்தோவ் இயக்கிய அதில், அதுகாறும் காத்த நெறி கைவிடப்பெற்றது. ரொட்ரிகோ சந்தோரோ என்னும் நடிகர் இயேசுநாதராகத் தோன்றி முகம் காட்டிப் பேசினார். பகைவர் இருவரும் இறுதியில் ஒருவரையொருவர் மன்னித்துத் தழுவுமாறு கதையும் மாற்றப்பெற்றது. திருச்சபைகளின் ஆதரவை நாடித் தனி விளம்பரமும் செய்தனர். ஏறத்தாழப் பத்துக் கோடி டாலர் செலவிட்டு எடுத்த அப்படத்திற்கு உலகெங்கும் சேர்ந்த வசூல் 9 கோடியே 40 இலட்சம் டாலர் அளவே. ஆய்வாளருட் பெரும்பாலார் அதனை ஏற்றிலர்.

அற்றேல், முகத்தைக் காட்டியதே தோல்விக்குக் காரணமென்று கொள்ளலாமோ எனின், அங்ஙனம் கொள்ளுதல் பொருந்தாது. 2004-ல் மெல் கிப்சன் எடுத்த கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய படத்தில் முகம் தொடக்கமுதல் இறுதிவரை காட்டப்பெற்றது. மூன்று கோடி டாலர் செலவில் எடுத்த அப்படம் அறுபது கோடிக்கு மேல் ஈட்டியது. திருச்சபையார் சீட்டுக்களை மொத்தமாய் வாங்கிக் கூட்டம் கூட்டமாய்ச் சென்று கண்ணீர் வடித்தனர். யூதர் மீது பகைமூட்டும் என்று யூதச் சங்கத்தார் கவன்று எதிர்த்தமையும் அதே படத்திற்குத்தான்.

இவ்விரு படங்களுக்கும் உள்ள வேற்றுமையை ஓர்தல் வேண்டும். கிப்சன் படத்திற் பாடுபட்டவரே கதைத் தலைவர். அவரை நேரே நோக்குதலன்றிக் காண்பார்க்கு வேறு வேலை இல்லை. பென்ஹர்க் கதையிலோ தலைவன் மற்றொருவன். அவனோடு துடுப்பு வலித்து, அவனோடு தேரோட்டி, அவன் கண்ணாலேயே காண்பார் உலகைக் காண்கின்றனர். அத்தகைய கதையில் வழிபாட்டுக்குரியார் பல மாந்தருள் ஒருவராய் முகம் காட்டி வந்துபோவாராயின், அவரும் ஒரு நடிகராகவே எண்ணப்படுவர். முகம் மறைந்துழிக் காண்பான் நோக்குவது இயேசுவை அன்று. இயேசுவைக் கண்ட ஒருவனை. கண்டவன் முகத்தில் எழுந்த மாற்றமே காணாதவனுக்குக் காட்சியாகின்றது.

பிற நாடுகளில்

முகம் காட்டாமையை எந்நாட்டாரும் ஒரே காரணம் பற்றிக் கொண்டிலர். நபிகள் நாயகத்தின் வரலாறு கூறும் ‘தி மெசேஜ்’ என்னும் படத்தை முஸ்தபா அக்காத் 1976-ல் எடுத்தபோது, இசுலாமிய நெறிக்கேற்ப நாயகத்தின் உருவமும் குரலும் விலக்கப்பெற்றன. அவரோடு பேசுவார் படக்கருவியை நோக்கியே பேசினர். அங்ஙனம் எடுத்தும், அப்படம் நாயகத்தை இழிவு செய்வதென்று கருதிய ஒரு குழுவினர், 1977-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வாசிங்டன் நகரில் மக்களைப் பிணையாகப் பிடித்து வைத்துத் தாம் கேட்டவற்றுள் ஒன்றாக அப்படத்தை நிறுத்துமாறும் கேட்டனர். உயிரிழப்பும் நேர்ந்தது. திருவுருவம் பற்றிய வினா கற்றார் அவையில் மட்டும் நிற்பதன்று என்பதற்கு இது சான்றாம்.

இந்திய நாட்டில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 1910-ஐ ஒட்டிப் பம்பாய் நகரிற் கிறிஸ்துவின் வரலாற்றுப் படமொன்றைக் கண்ட தாதாசாகிப் பால்கே, திரையிற் கிறிஸ்துவின் காட்சிகள் ஓடுங்கால் தம் மனக்கண்ணில் இராமனையும் கண்ணனையும் கண்டதாக எழுதியுள்ளார். அக்காட்சியின் பயனே 1913-ல் வந்த ‘அரிச்சந்திரன்’ படமும் அதன்வழித் தோன்றிய இந்தியத் திரைப்படத் தொழிலும். 1917-ல் அவர் எடுத்த ‘இலங்கா தகனம்’ படத்தில் இராமன் தோன்றியவுடன் மக்கள் காலணிகளைக் கழற்றினர் என்பர். முகம் காட்டியது அவர்கள் பத்தியைக் கெடுத்திலது. கோயில்தோறும் திருவுருவைக் கண்டு பழகிய கண்கள், நடிகன் வேடத்தினூடே தாம் முன்னரே அறிந்த ஒரு வடிவையே கண்டன. இயேசுநாதரின் முகத்தோற்றத்தைச் சுவிசேஷங்கள் யாண்டும் கூறிற்றில. ஆகமமும் சிற்பநூலும் வரையறுத்த வடிவு ஒன்றில்லாதவிடத்து, நடிகன் முகம் நடிகன் முகமாகவே நின்றுவிடும் என்னும் அச்சம் ஆண்டு எழுந்ததும் இயல்பே.

அடியாரைக் காட்டி ஆண்டவனைக் காட்டல்

கருவயிற் பிறவாத முதல்வன் உயிர்கள்மாட்டு வைத்த அருளினாலே திருமேனி கொள்வன் என்பது சைவர் துணிபு. மகன் மானிடனாய்ப் பிறந்தார் என்பது கிறிஸ்தவர் துணிபு. இவ்விரண்டும் தம்முள் வேறு. ஆயினும் வாலஸ் தம் கதைக்கு வகுத்துக்கொண்ட நெறி, பெரியபுராணத்திற் பயின்றார்க்கு அயலாய்த் தோன்றாது. சேக்கிழார் பெருமான் பாடியது அடியவர் வரலாறு. திருநீலகண்டர்பால் ஓடு தந்து வைத்தவரும், இயற்பகையார்பால் மனைவியை வேண்டி வந்தவரும், சிறுத்தொண்டர் மனைக்கு விருந்தாய் வந்தவரும் மாற்றுருவிற் சிறிது பொழுதே தோன்றுகின்றனர். அவ்வேடம் மறைந்த பின்னரே, விடைமேல் உமையொடும் காட்சி தருதல் நிகழ்கின்றது. புராணம் முழுதும் நிறைந்து நிற்பன அடியவர் பட்ட பாடும், அவர் செய்த செயலுமே. அடியவர் உள்ளம் நெகிழ்ந்ததைக் கண்டு நெகிழ்பவனே ஆண்டவன் அருளையும் உணர்கின்றான்.

வீரக்கதையாய் எழுந்த ‘பென்ஹர்’ மூன்று தலைமுறையாரைக் கவர்ந்ததற்குக் காரணம் குதிரைகள் என்பார் கூற்றிலும் உண்மை உண்டு. குதிரைகளே கூட்டத்தை வாயிலுக்குக் கொணர்ந்தன. ஆயினும், வந்தவர் வெறுங்கையராய்த் திரும்பாமைக்குக் காரணம், போர்த்தளபதி ஒருவர் தம் எழுதுகோலுக்கு இட்ட எல்லையும், அவர்க்குப் பின்வந்த நாடக முதலாளிகளும் படத்தலைவர்களும் எண்பதாண்டளவும் அவ்வெல்லையை மீறாது நின்றமையுமாம். கலைக்கு அடக்கம் குறைவன்று. பத்திக்கதைக்கு அதுவே உயிர். திருமுகத்தைத் தம் கையால் வரைந்து காட்டிவிட்டோம் என்பார் காட்டியது தம் கைவண்ணத்தையே. அம்முகத்தைக் கண்டவன் கண்ணீரைக் காட்டினவரோ, காண்பார் ஒவ்வொருவர்க்கும் அவரவர் அன்பின் அளவாக அம்முகத்தையே காட்டினராவர்.